கொல்லைக்கு மேலே ஒரு கேமரா: காவிரி டெல்டாவில் ட்ரோன்களும் அந்தரங்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீட்டு ஹெலிகேம், வயலுக்கு மருந்தடிக்கும் எந்திரம், திருவிழாக் கூட்டத்தைக் கவனிக்கும் காவல்துறைக் கருவி, பச்சை வயலை மேலிருந்து படமெடுத்து ரீல்ஸ் போடும் இளைஞரின் கைப்பொருள் என்று ட்ரோன் இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சிற்றூர்கள் வரை வந்துவிட்டது. அதை ஒட்டி எழும் கேள்விகளுக்கு, இந்த மண்ணின் வீடும் வயலும் ஆறும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை மனத்தில் வைத்து இங்கே பதில் சொல்லப்பட்டிருக்கிறது.

உயரத்தில் பறக்கும் ட்ரோனுக்கு என் முகம் தெரியுமா?

அது உயரத்தையும் லென்ஸையும் பொறுத்தது. சாதாரண ட்ரோன்களில் இருப்பது அகன்ற காட்சியை எடுக்கும் லென்ஸ். அது 120 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் ஏறத்தாழ 180 மீட்டர் அகலத் தரை ஒரே படத்துக்குள் வந்துவிடும். படத்தின் அகலம் 4000 புள்ளிகள் என்று கொண்டால், ஒரு புள்ளிக்கு நான்கரை சென்டிமீட்டர் தரை. அப்போது ஒரு முகம் மூன்று நான்கு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். யார் என்று சொல்ல முடியாது. அதே ட்ரோன் 20 மீட்டருக்கு, அதாவது ஒரு தென்னை மரத்தின் உயரத்துக்கு, இறங்கினால் கணக்கு ஆறு மடங்கு மாறுகிறது. அந்த உயரத்தில், ஊரை அறிந்தவர் புடவையையும் நடையையும் நின்ற இடத்தையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். தொலைவுக் காட்சிக்கான லென்ஸும் சேர்ந்த சில வகைகள், 120 மீட்டரில் நின்றபடியே இருபது மீட்டருக்குள் வந்தது போன்ற படத்தைத் தருகின்றன. ஆகவே ‘மேலே எங்கேயோதான் பறக்கிறது’ என்பது எப்போதும் ஆறுதலாகாது.

சுவருக்குள்ளும் ஓட்டுக் கூரைக்குள்ளும் பார்க்கும் ஆற்றல் இந்தக் கேமராக்களுக்கு இல்லை. வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கும் என்ற அச்சமும் பெரும்பாலும் தேவையற்றது. விசிறிகளின் இரைச்சலில் குரல் எதுவும் நிற்காது என்பதால் படமெடுக்கும் ட்ரோன்கள் பொதுவாக ஒலியைப் பதிவு செய்வதில்லை.

சுற்றிலும் மதில் இருக்கிறது, கீற்றுத் தட்டி இருக்கிறது. பிறகு என்ன கவலை?

டெல்டாவின் பழைய வீடுகள் தெருவுக்கு மறைவாகவும் வானத்துக்குத் திறந்தும் கட்டப்பட்டவை. திண்ணையைத் தாண்டி, ரேழியைத் தாண்டி உள்ளே போனால்தான் முற்றம் வரும். தெருவில் போகிறவர் கண்ணுக்கு அது எட்டாது. ஆகவே வீட்டுப் பெண்கள் தலை உலர்த்துவதும், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், நோயில் கிடப்பவரை வெயிலில் உட்கார வைப்பதும் அங்கேதான். கொல்லைக் கிணற்றடியில் நான்கு பக்கமும் கீற்றுத் தட்டி வைத்து, மேலே கூரை போடாமல் விட்ட குளியல் மறைப்புகள் இன்னும் பல ஊர்களில் புழக்கத்தில் இருக்கின்றன. மேலிருந்து பார்க்க யாரும் இருக்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில் எழுந்த கட்டுமானம் இது. எப்போதாவது தென்னை மரம் ஏறுகிறவர் ஒருவர்தான் அந்த உயரத்துக்குப் போவார். அவரும் ஏறுவதற்கு முன் குரல் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார்.

அந்தக் குரல் கொடுக்கும் வழக்கத்தை ட்ரோன் இயக்குபவர் பின்பற்றுவதில்லை என்பதே இந்தப் பிரச்சினையின் வேர். நம் ஊர்களில் அந்தரங்கம் என்பது சுவரால் மட்டும் காக்கப்பட்டது அன்று. பார்க்கக்கூடாத நேரத்தில் பார்க்காமல் விலகிப் போகும் மரியாதை அதில் பாதி. கருவியைப் பறக்கவிடுபவர் தோப்பின் மறுபுறம் நின்றுகொண்டு திரையைப் பார்க்கிறார். அவர் யார் என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. தாம் பார்க்கப்படுவதும் தெரியாது.

படித்துறை பொது இடம்தானே? அங்கே படமெடுப்பதில் என்ன தவறு?

மிக அதிகமாக எழும் வாதம் இது. மிக நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியதும் இதுவே. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, அரசலாறு என்று எந்தக் கரையை எடுத்துக்கொண்டாலும் படித்துறை பொதுச் சொத்துதான், யாரும் வரலாம். ஆனால் பெண்கள் குளிக்கும் துறை என்றும், அவர்கள் குளிக்கும் வேளை என்றும் ஊருக்கு ஊர் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த வேளையில் அவ்வழியே போக நேர்ந்த ஆண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். ஒருவர் கண்ணுக்குத் தற்செயலாகத் தெரிவதும், அது பதிவாகி முன்பின் அறியாத ஆயிரம் பேருக்குப் போய்ச் சேர்வதும் ஒன்றல்ல. குளிக்க வந்தவர் முதலாவதற்கு வேண்டுமானால் உடன்பட்டிருக்கலாம். இரண்டாவதற்கு உடன்படவே இல்லை.

ஆடிப்பெருக்கு அன்று திருவையாற்றிலும் கும்பகோணத்திலும் கூடும் கூட்டத்தைத் தொலைவிலிருந்து ஒரு பெருங்காட்சியாக எடுப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதே ட்ரோன் தாழ இறங்கி, ஈரப் புடவையோடு படியேறும் ஒரு பெண்ணைத் தொடர்ந்தால் அது வேறு செயல். 2028இல் வரவிருக்கும் மகாமகத்தில் லட்சக்கணக்கானோர் ஒரே குளத்தில் நீராடுவார்கள். அங்கே எந்த உயரத்துக்குக் கீழே எவரும் படமெடுக்கக் கூடாது என்பதை அதிகாரிகள் முன்கூட்டியே அறிவிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆற்றில் குதித்து விளையாடும் சிறுவர்களுக்கும் இதே கவனம் தேவை. ஆடையின்றி இருக்கும் குழந்தை எவ்வளவு கள்ளமற்ற காட்சியாகத் தோன்றினாலும் அதைப் பதிவிடக் கூடாது.

வயலில் நடவு நடும் பெண்களை மேலிருந்து எடுப்பது அழகான காட்சி அல்லவா?

அழகான காட்சிதான். நாற்றங்காலும் சேற்று வயலும் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்களும் சேர்ந்த குறுவைக் காலப் படங்கள் இணையத்தில் விரும்பிப் பார்க்கப்படுகின்றன. ஆனால் அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா? புடவையைத் தூக்கிச் செருகி, மேலே ஓர் ஆண் சட்டையைப் போட்டுக்கொண்டு, சேற்றில் குனிந்து நிற்கும் தோற்றம் வேலைக்கானது. ஊர் உலகத்துக்குக் காட்டுவதற்காக அவர்கள் வைத்துக்கொண்டது அன்று.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொன்றும் இருக்கிறது. வயல் வேலைக்கு வரும் பெண்களுக்குப் பெரும்பாலான இடங்களில் கழிப்பறை கிடையாது. காலையில் வந்தால் வேலை முடியும் வரை வரப்பு மறைவும் வாய்க்கால் ஓரத்துப் புதருமே துணை. துணைக்கு ஒருத்தி நின்று பார்த்துக்கொள்வாள். எதிரே வரும் ஆளை அவளால் பார்க்க முடியும். தலைக்கு மேலே 60 மீட்டரில் நிற்கும் கருவியை என்ன செய்வாள்? ஒரு ட்ரோன் சத்தம் கேட்டதும் அந்த நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்க வேண்டிய நிலை ஒரு பெண்ணுக்கு வருமானால், அது உடல்நலக் கேடு. மான உணர்ச்சியோடு மட்டும் நின்றுவிடும் விஷயமாக அதைக் கருத முடியாது. படமெடுக்க வருகிறவர்கள் முதலில் வரப்பில் நடந்து வந்து, நடவாட்களிடம் நேரே பேசி, எப்போது எவ்வளவு நேரம் பறக்கப் போகிறது என்று சொல்லி, வேண்டாம் என்றால் கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். நிலத்துக்காரர் அனுமதி தந்துவிட்டார் என்பது போதாது. அவர் தம் வயலுக்கு அனுமதி தரலாம், பிறர் உடலுக்குத் தர முடியாது.

மருந்தடிக்கும் ட்ரோனும் நம்மைப் படமெடுக்கிறதா?

இதில் அச்சம் குறைவாக இருக்கலாம். வேளாண் ட்ரோன்கள் பெரும்பாலும் பத்து லிட்டர் அளவுத் தொட்டியோடு, பயிருக்கு இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், குறித்த வயலுக்குள் மட்டும் வரிசை பிடித்துப் பறப்பவை. அவற்றில் கேமரா இருந்தால் அது பெரும்பாலும் மின்கம்பியும் மரமும் தெரிவதற்காக. ஆனாலும் பதிவு செய்யும் வகை கேமராவா என்று இயக்குபவரிடம் கேட்பதில் தவறில்லை. பக்கத்து வயலில் ஆள் இருக்கும்போது தெளிப்பதால் வரும் தீங்கு இங்கே அந்தரங்கத்தைவிடப் பெரிது. முந்தின நாளே அண்டை வயல்காரர்களுக்குச் சொல்லிவிட்டால் இரண்டு கவலையும் தீரும்.

யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாமா?

இல்லை. 2021 ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசு அறிவித்த ட்ரோன் விதிகளே இப்போது அடிப்படை. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறிய வகை, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரிய வகை என்று அந்த விதிகள் ட்ரோன்களை எடையால் பிரிக்கின்றன. நானோ வகையை இயக்கவும், மைக்ரோ வகையைத் தொழில்நோக்கமின்றி இயக்கவும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு மைக்ரோ ட்ரோனில் கல்யாணம் எடுப்பவருக்குத் தேவை.

வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. தஞ்சாவூரில் சுகோய் போர் விமானங்கள் நிற்கும் விமானப்படைத் தளமும் திருச்சியில் பன்னாட்டு விமான நிலையமும் இருப்பதால், டெல்டாவின் மேற்குப் பகுதியில் பறக்கவிடுபவர்கள் மத்திய அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில் உள்ள வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் கருவியைக் கையிலெடுக்கக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் தனியாக அனுமதி வேண்டும். விதிகளை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்.

பச்சைப் பகுதி என்பது விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பை வைத்துத் தரப்பட்ட இசைவு மட்டுமே. அதைக் காட்டி, ‘எனக்கு அனுமதி இருக்கிறது’ என்று பிறர் வீட்டு முற்றத்தைப் படமெடுப்பவர் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்புகிறார்.

அப்படியானால் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் எது?

ட்ரோன் விதிகளில் அதைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகளிலும் 2021 மார்ச் மாத விதிகளிலும் பிறர் அந்தரங்கத்தைப் பேணும் பொறுப்பு இயக்குபவர் மேல் வைக்கப்பட்டிருந்தது. தொழிலை எளிதாக்கும் நோக்கில் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த விதிகளில் அத்தகைய தெளிவான பிரிவு இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

எனவே பொதுச் சட்டங்களையே நாட வேண்டியிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, 1994இல், தமிழ்நாட்டிலிருந்து போன ராஜகோபால் வழக்கில், தன்னைத் தனியே விட்டுவிடக் கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

குற்றவியல் சட்டத்தில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு முதன்மையானது. மறைவை எதிர்பார்க்கக்கூடிய இடத்தில், ஆடை களைந்த நிலையிலோ கழிப்பிடத்திலோ இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பரப்புவதும் குற்றம். முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. கொல்லைக் குளியல் மறைப்பு இதில் ஐயமின்றி அடங்கும். படித்துறை அடங்குமா என்பது வழக்கின் சூழலைப் பொறுத்து வாதிடப்பட வேண்டியது. ஆனால் பெண்ணின் மானத்துக்கு இழுக்கு ஏற்படுத்தும் நோக்கில் அவளது அந்தரங்கத்தில் ஊடுருவும் செயலைக் குற்றமாக்கும் 79ஆம் பிரிவு இன்னும் விரிவானது. அதற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவு ஆண், பெண் என்ற வேறுபாடின்றி, ஒருவரது அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படமெடுப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது.

இத்தனை பிரிவுகள் இருந்தும், உடலோடு தொடர்பில்லாத ஊடுருவலுக்கு நேரடியான பரிகாரம் குறைவு. முற்றத்தில் உட்கார்ந்து அழும் ஒருவரைப் படமெடுத்தால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? துக்க வீட்டின் மேலே ட்ரோன் பறந்தால்? இங்கே சட்டம் மெல்லியதாகவே இருக்கிறது. அந்த இடைவெளியை ஊராரின் கண்டிப்புத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு ஹெலிகேம் ஏற்பாடு செய்திருக்கிறோம். என்ன செய்ய வேண்டும்?

ஸ்டுடியோக்காரரிடம் பைலட் சான்றிதழையும் ட்ரோனின் பதிவு எண்ணையும் கேளுங்கள். எந்தெந்த வேளையில் பறக்கும் என்று முன்பே முடிவு செய்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிடுங்கள். பத்திரிகை வைக்கப் போகும்போதே சொல்லலாம். சம்பந்தி வீட்டார் தங்கியிருக்கும் அறைகளின் மாடி, பந்தலுக்குப் பின்னால் பெண்கள் உடை மாற்றும் இடம், சமையற்கட்டுக் கொல்லை ஆகியவற்றின் மேல் போகக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். பதிவை ஸ்டுடியோ தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பிள்ளை வீட்டார் ஒப்புக்கொண்டாலும் பெண்ணின் சம்மதத்தைத் தனியே கேளுங்கள்.

காவல்துறையும் அரசும் பறக்கவிட்டால் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம். வெள்ளக் காலத்தில் கொள்ளிடக் கரையின் உடைப்பைக் கண்டறியவும், கஜா போன்ற புயலுக்குப் பின் விழுந்த தென்னைகளின் அளவை அறியவும் ட்ரோன் பெரும் உதவியாக இருக்கும். அதைத் தடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அரசு ஒருவரது அந்தரங்கத்தில் கைவைக்க வேண்டுமானால் அதற்குச் சட்டத்தின் ஆதாரமும் நியாயமான நோக்கமும் வேண்டும். நோக்கத்துக்குத் தேவையான அளவை அது தாண்டவும் கூடாது என்று புட்டசாமி தீர்ப்பு வரையறுத்திருக்கிறது. 2020 ஊரடங்கின்போது தமிழ்நாட்டின் சில இடங்களில், கூடியிருந்த இளைஞர்கள் ட்ரோனைக் கண்டு தலைதெறிக்க ஓடிய காட்சிகள் நகைச்சுவை வசனங்களோடு பரப்பப்பட்டன. ஊரடங்கைக் காப்பது நியாயமான நோக்கம். ஓடியவர்களை ஊர் சிரிக்கக் காட்டியது அந்த நோக்கத்தில் சேராது.

என் வயலுக்கு மேலே முன்பின் தெரியாத ட்ரோன் அளவெடுப்பது போலப் பறந்தால்?

2017இல் கதிராமங்கலத்திலும் நெடுவாசலிலும் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு எதிராக மக்கள் போராடிய பகுதி இது. சொல்லாமல் நடக்கும் எந்த அளவீடும் இங்கே கலக்கத்தை உண்டாக்கும், அந்தக் கலக்கம் நியாயமானதே. இயக்குபவரைக் கண்டால் எந்தத் துறை, எந்த ஆணை என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் எழுதிக் கொடுங்கள். அரசுப் பணி என்று தெரியவந்தால், என்ன பதிவு செய்யப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

கல்லெறிந்தோ கவணால் அடித்தோ வீழ்த்திவிடலாமா?

கூடாது. பிறர் உடைமையைச் சேதப்படுத்திய குற்றம் உங்கள் மேல் திரும்பிவிடும். கீழே விழும் கருவியின் விசிறி யார் கண்ணையாவது கெடுத்துவிடவும் கூடும். பாதிக்கப்பட்டவரே குற்றவாளியாக நிற்கும் நிலை வரவேண்டாம்.

புகார் கொடுக்க எதைத் திரட்ட வேண்டும்?

நாள், நேரம், எந்தத் திசையிலிருந்து வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பவற்றை உடனே எழுதி வையுங்கள். கைபேசியில் அதைப் படமெடுங்கள். பின்னணியில் உங்கள் வீட்டுக் கூரையோ மரமோ தெரியும்படி எடுத்தால் உயரத்தைக் கணிக்க உதவும். சிறிய ட்ரோன்களின் பேட்டரி பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதால் அது இயக்குபவரிடமே திரும்பி இறங்கும். இறங்கும் திசையைப் பார்த்து வைத்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம். பிறகு காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆபத்து உடனடியானது என்றால் 112, பெண்கள் உதவிக்கு 181. இயக்குபவரின் ட்ரோனிலும் கைபேசியிலும் பறந்த பாதையும் நேரமும் வழக்கமாகப் பதிவாகியிருக்கும். அவை அழியுமுன் கைப்பற்றக் கோரி புகாரிலேயே எழுதுங்கள்.

ஊராட்சி தடை போடலாமா?

வான்வெளி மத்திய அரசின் ஆளுகையில் இருப்பதால், பறப்பதையே ஊராட்சி தடை செய்வது நிலைக்காது. ஆனால் கிராம சபையில் பேசி, பெண்கள் குளிக்கும் வேளையில் துறைப் பக்கம் பறக்கவிடக் கூடாது, துக்க வீட்டின் மேல் போகக் கூடாது, படமெடுக்க வருகிறவர் முதலில் ஊரில் சொல்ல வேண்டும் என்று ஊர் ஒழுங்காக எழுதி வைக்கலாம். நாளை ஒரு வழக்கு வந்தால், இந்த இடத்தில் மறைவு எதிர்பார்க்கப்பட்டது என்பதற்கு அந்தத் தீர்மானமே துணை ஆவணமாக நிற்கும்.

ஏற்கெனவே இணையத்தில் இருக்கும் ஒரு காணொளியில் நான் இருக்கிறேன். நீக்க வைக்க முடியுமா?

முதலில் பதிவிட்டவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஊர்க்காரர் என்றால் பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். அந்தரங்க உறுப்போ ஆடையற்ற நிலையோ தெரியும் காணொளி என்றால், பாதிக்கப்பட்டவர் புகார் செய்தபின் குறித்த குறுகிய கெடுவுக்குள் அதை நீக்க நடவடிக்கை எடுக்கும் கடமையை 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சமூக ஊடக நிறுவனங்களின் மேல் சுமத்துகின்றன. தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்கான பயன்பாட்டுக்குப் பொருந்தாது என்பதால், பக்கத்து வீட்டுப் பையன் தன் கைபேசியில் வைத்திருப்பதற்கு எதிராக அது பெரிதாக உதவாது; ஸ்டுடியோ போன்ற தொழில் நடத்துபவர்களிடம் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையை அது தருகிறது, அதன் முக்கியப் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நீக்கச் சொல்லும்போது இணையப் பதிவை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். வெட்டித் தொகுக்காத மூலப் பதிவு ட்ரோனின் மெமரி கார்டிலும் எடிட்டிங் செய்த கணினியிலும் இருக்கும். அவற்றையும் அழித்துவிட்டதாக எழுதி வாங்குங்கள்.